கரைக்கு வெளியே ஒரு ஏரி

ஒரு ஏரியை நான் இருநூறு மீட்டர் நகர்த்தியிருக்கிறேன். பொக்லைன் இல்லை, ஆள் படை இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இடது கையில் போண்டா, வலது கையில் மவுஸ். ஏரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா பேசினார். அதை நான் காதில் வாங்கவில்லை. வாங்காதது மட்டுமல்ல, பதிலுக்கு ஒரு ஜோக்கும் சொன்னேன்.

வேங்கிக்காலில் ஒரு மாடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, வரைபடம் தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். முதலாளி வேலூரில் இருக்கிறார். இங்கே நானும் எனக்கு எதிரில் உட்காரும் ஒரு பெண்ணும்தான். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், வேலையில் என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். ஆனால் மேஜையில் ‘சீனியர்’ என்ற பலகை என் முன்னால்தான் இருக்கிறது. தலையில் முடி குறைந்தவருக்குப் பலகை என்பது எங்கள் கம்பெனியின் வழக்கம்.

எங்கள் வேலையில் ஒரு தொல்லை உண்டு. பூமி உருண்டை என்று பள்ளியில் படித்தோம். சரியான உருண்டை அல்ல, கொஞ்சம் நசுங்கியது. எவ்வளவு நசுங்கியது, அந்த உருண்டையை எங்கே பொருத்திவைத்து அளக்க ஆரம்பிப்பது என்று முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்த முடிவுக்கு டேட்டம் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் சங்கிலி இழுத்து அளந்தவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். நம் செல்போனில் இருக்கும் ஜிபிஎஸ் வேறொரு முடிவை வைத்திருக்கிறது. ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலாவது தெரு’ என்று ஒருவர் வழி சொன்னால், எந்த பஸ் ஸ்டாண்டு என்று கேட்க வேண்டுமல்லவா? கேட்காமல் போனால் நாலாவது தெருவுக்குத்தான் போவோம், வேறு யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவோம். பழைய தாளிலிருந்து எடுத்த எண்களை அப்படியே ஜிபிஎஸ் எண்கள் என்று வைத்தால், எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாமே தென்கிழக்கே இருநூறு மீட்டர் சொச்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துவிடும்.

இதற்காகத்தான் ஒவ்வொரு வரைபடக் கோப்போடும் இரண்டு வரி விவரம் வரும்: இது எந்த டேட்டம், எந்த முறையில் தட்டையாக்கியது என்று. ஒரு சாஃப்ட்வேர் அந்த விவரத்தை நீளமாக எழுதும், இன்னொன்று சுருக்கமாக எழுதும். நீளமானதைச் சுருக்கமாக மாற்றும்போது சில சமயம் டேட்டம் மட்டும் கழன்று விழுந்துவிடும். உருண்டையின் அளவு இருக்கும், எங்கே பொருத்த வேண்டும் என்பது இருக்காது. பிழை என்று சிவப்பு எழுத்தில் எதுவும் வராது. அடுத்த சாஃப்ட்வேர் பாவம், விவரம் இல்லையே, ஜிபிஎஸ் கணக்காகத்தான் இருக்கும் என்று தானாக நினைத்துக்கொள்ளும். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வாழ்க்கையில் பாதி விஷயங்களை நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

முறையாகச் செய்வதென்றால் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, டேட்டம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததற்கு எழுதிச் சேர்க்க வேண்டும். நாங்கள் அதைச் செய்வதில்லை. சரியாகச் சொன்னால், நான் செய்வதில்லை. எங்கள் ஆபீசில் ‘தள்ளுறது’ என்று ஒரு முறை உண்டு. சாட்டிலைட் படத்தைக் கீழே போட்டு, மேலே பழைய கோடுகளைப் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வடமேற்கே இழுப்பேன். அண்ணாமலையார் கோயில் பெரிய கோபுரத்தின் கோடு, படத்தில் இருக்கும் பெரிய கோபுரத்தின் மேல் சரியாக உட்கார்ந்ததும் கையை எடுத்துவிடுவேன். கோபுரம் சரியென்றால் ஊரே சரி. இருபது வருஷமாக அப்படித்தான். இதை ஒரு பயிற்சி வகுப்பில் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தடவை ஐந்து கோப்புகள் வந்தன. தெருக்கள், கட்டடங்கள், சர்வே எல்லை, வாய்க்கால், ஏரிகள். ஏரிகளின் எல்லையை வைத்து, அதற்குள் இருக்கும் வீடுகளின் ஆக்கிரமிப்புப் பட்டியலைத் தாலுகா ஆபீசுக்கு எடுத்துத் தர வேண்டும். முதல் நான்கில் டேட்டம் கழன்றிருந்தது. ஐந்தாவதை வேறு யாரோ புண்ணியவான் ஒழுங்காக எழுதி அனுப்பியிருந்தார். அதனால் சாஃப்ட்வேர் ஏரிகளை மட்டும் தானாகவே சரியான இடத்தில் வைத்திருந்தது. நான் ஐந்தையும் ஒன்றாகப் பிடித்துத் தள்ளினேன். கோபுரம் கட்டடக் கோப்பில் இருந்தது, அது கோபுரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. போண்டாவை முடித்தேன். அடி அண்ணாமலை பக்கத்து ஏரி ஒன்று, சரியாக இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பி, தன் கரையைத் தாண்டி, வடமேற்கே இருந்த வீடுகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதும் நானே. டேப்லெட்டில் வரைபடத்தை ஏற்றிக்கொண்டு, டிவிஎஸ் ஃபிஃப்டியில் கிளம்பினேன். கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் மண் ரோட்டில் முதலில் ஒரு டீக்கடை. அதற்கு எதிரே, சுவர் எழும்பி, மேலே சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போடத் தயாராக ஒரு வீடு. வாசலில் ஒரு அம்மா குடத்திலிருந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் வயதைவிட நாலைந்து குறைவாக இருக்கும். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். கொத்து வேலை, கம்பி வேலை எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று வாங்குவது இவர்தான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, டேப்லெட்டில் என் நீலப் புள்ளி ஏரியின் நடுவில் நின்றது என்பது மட்டும்.

“இன்னாம்மா, ஏரிக்குள்ள வீடு கட்டிகினு இருக்கீங்க?” என்றேன்.

“ஏரியா? ஏரி அதோ இருக்கு சார்.” கையை நீட்டிக் காட்டினார். பனைமரங்களோடு ஏரிக்கரை தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

“அது இப்ப இருக்கற ஏரிம்மா. மேப்புல இங்கதான் இருக்கு.”

“கரைக்கு இந்தப் பக்கம் எங்கயாவது தண்ணி நிக்குமா சார்? மதகு வழியா வந்தா வயலுக்குப் போவும். நாங்க பொறந்ததுலேர்ந்து பாக்கறோம்.”

இதைவிடத் தெளிவாக ஒரு சர்வேயரும் சொல்ல முடியாது. கரைக்கு வெளியே ஏரி இருக்காது. ஆறாவது படிக்கும் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் டீக்கடையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குள் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொள்வான். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், சாவு வீட்டிலும் அப்படித்தான்.

“பரவால்லம்மா, நல்லதா போச்சு. ரூஃபு போடறதுக்கு பதிலா துடுப்பு போடுங்க. ஊட்டிக்குப் போவாமலே போட் ஹவுஸு!”

டீக்கடை மொத்தமும் சிரித்தது. டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு ஒரு டீ இலவசமாக வந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் டீயைக் குடித்துவிட்டு, படிவத்தில் குறிப்பு என்ற கட்டத்தில், ‘பழைய கரை அழிக்கப்பட்டுப் புதிய கரை போடப்பட்டிருக்கலாம்’ என்று எழுதினேன். ஒரு ஏரிக்கரையை இரவோடு இரவாக இடித்து, இருநூறு மீட்டர் தள்ளிக் கட்டி, அதில் வளர்ந்த பனைமரங்களையும் நட்டுவிட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

பட்டியல் போனது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி அந்த அம்மாவுக்கு நோட்டீஸ் போனது. கான்கிரீட் நின்றது. கட்டின கம்பி மழையில் நனைந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. நான் வேறொரு தாலுகாவை வடமேற்கே தள்ளிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, எதிர் மேஜையிலிருந்து ஒரு குரல்.

“அண்ணா, அடி அண்ணாமலை ஏரிய யாரு தள்ளுனது?”

“எல்லாத்தையும்தான் தள்ளுனேன். ஏன், கோபுரம் ஒக்காரலயா?”

“கோபுரம் ஒக்காந்துச்சு. ஏரி எழுந்து போயிடுச்சு. இங்க வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். சாட்டிலைட் படத்தில் ஏரிக்கரை வளைவாக, கருப்பாக, தெளிவாகத் தெரிந்தது. என் கோட்டு ஏரி அதே வளைவில், அச்சு மாறாமல், பக்கத்து வீடுகளின் மேல் கிடந்தது.

“இந்த ஒரு ஃபைலுக்கு டேட்டம் இருந்துச்சு. அதுவே சரியா வந்து ஒக்காந்துகிச்சு. அத போயி தள்ளியிருக்கீங்க. ஃபைலத் தொறந்து ரெண்டு வரி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“எத்தன வீடு?”

“ஏழு. ஆறு பேரு பழைய வீடு, அவங்க பாட்டுக்கு குடியிருக்காங்க. ஒண்ணு மட்டும் புதுசு, வேலை நடந்துகினு இருந்துச்சுனு நீங்கதான் எழுதியிருக்கீங்க. நேர்ல போனீங்களே, கரை கண்ணுல படலயா?”

“பட்டுச்சு.”

“அப்பறம்?”

அப்புறம் நான் போட் ஹவுஸ் ஜோக் சொன்னேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நான் செய்ததுதான் முதல் தப்பைவிடக் கேவலம். தப்பைத் திருத்தினேன், சத்தமில்லாமல். ஏரியைப் பழைய இடத்துக்கு அனுப்பி, ஏழு வீட்டையும் பட்டியலிலிருந்து எடுத்து, ‘மேம்படுத்தப்பட்ட பதிப்பு’ என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் ‘மென்பொருள் புதுப்பிப்பு’ என்று எழுதினேன். மென்பொருளுக்கு வாய் இல்லை. முதலாளி போனில், “நல்ல வேலை, பதிப்பு ரெண்டு வேற குடுத்திருக்கீங்க” என்று பாராட்டினார். பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

எதிர் மேஜைக்காரர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டே, “நானும்தான் கம்முனு இருக்கேன்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா வந்தார். பகல் பதினொரு மணி. ஜெராக்ஸ் கடையில் விசாரித்து, படியேறி, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். என்னைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். எனக்கும் தெரிந்தது. கம்ப்யூட்டர் பின்னால் குனிய இடம் போதவில்லை.

“நீங்கதான சார் அன்னிக்கு வந்தது?”

“ஆமாம்மா. உக்காருங்க. உங்க பேருதான் லிஸ்ட்லேர்ந்து எடுத்தாச்சே?”

“எடுத்தாச்சு. அதான் தொந்தரவு.” உட்காரவில்லை. “எடுத்தத பாத்துட்டு, பாக்க வேண்டியவங்கள பாத்துட்டானு ஊர்ல பேசறாங்க. மேஸ்திரி வரமாட்டேன்றாரு. இன்னிக்கு விட்டாங்க, நாளைக்கு வந்து இடிச்சா நானா பதில் சொல்றதுனு கேக்கறாரு. ஏன் பேரு வந்துச்சு, ஏன் பேரு போச்சுனு ஒரு பேப்பர்லயும் இல்ல. ஆபீஸ்ல கேட்டேன். மேப்பு போட்டவங்களக் கேளுங்கனு உங்க கம்பெனி அட்ரஸ் குடுத்தாங்க.”

“உங்களுக்கு இப்ப என்ன வேணும்?”

“எங்க வீடு எப்பவுமே ஏரியில இல்லனு எழுதிக் குடுங்க.”

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு எதிரில் இருந்தவர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். நான் கம்பெனி லெட்டர்பேடை எடுத்து, பத்து நிமிடம் யோசித்து, எனக்குத் தெரிந்த உயர்ந்த தமிழில் எழுதினேன்: ‘தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட நிலைப்பாட்டு மாறுபாட்டின் விளைவாக மேற்படி நீர்நிலையின் எல்லை தற்காலிகமாக வேறிடத்தில் காணப்பட்டது, தற்போது சீர்செய்யப்பட்டுள்ளது.’ நீட்டினேன்.

நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார். விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டே நகர்த்தினார்.

“இது இன்னா சார், ஏரி அதுவா எழுந்து வந்துட்டு, அதுவா திரும்பிப் போன மாதிரி எழுதியிருக்கீங்க?”

“டெக்னிக்கலா அப்படித்தாம்மா சொல்லணும்.”

“தப்பு யாரு பண்ணதுனு எங்க இருக்கு?”

எதிர் மேஜையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இரக்கம் இருந்தது, உதவி இல்லை.

“தப்பு…” என்று ஆரம்பித்தேன். சாஃப்ட்வேர் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு டீக்கடை எதிரில் பார்த்தது போல. “தப்பு நான் பண்ணதும்மா.”

“அத எழுதுங்க.”

எழுதினேன். ஏரியின் கோட்டை நான் தவறாக நகர்த்தினேன். நேரில் கரையைப் பார்த்தும் சரிபார்க்கவில்லை. இந்த வீடு எப்போதும் ஏரி எல்லைக்குள் இருந்ததில்லை. மூன்று வரி. ஐம்பது வயதில் ‘நான்’ என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம் எழுத இவ்வளவு கை வலிக்கும் என்று நினைக்கவில்லை. கையெழுத்து வழக்கம்போல அழகாக வரவில்லை. கீழே போன் நம்பரும் எழுதினேன்.

படித்துவிட்டு மடித்தார். போய்விடுவார் என்று நினைத்தேன்.

“நாளைக்குக் காலையில வந்து அங்க படிச்சிடுங்க சார்.”

“எங்க?”

“டீக்கடைல. மேஸ்திரியும் அங்கதான் வருவாரு. நான் படிச்சா நானே எழுதி எடுத்தாந்தேன்னுவாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “இப்ப என்னை அங்க எப்படிக் கூப்புடறாங்க தெரியுமா? போட் ஹவுஸுனு. தண்ணி எடுக்கப் போனா, போட் ஹவுஸு வருது பாருன்றாங்க. எங்க ஊட்டுக்காரரு லோடு இறக்கிட்டு வந்தா, படகு எங்க நிறுத்தியிருக்கனு கேக்கறாங்க. அவரு வீட்டுக்கு வர்ரதே கம்மியாயிடுச்சு.”

ஏரியைத் திருப்பி அனுப்ப எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. அந்தப் பெயரைத் திருப்பி எடுக்க எந்தப் பட்டனும் இல்லை.

மறுநாள் போனேன். வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு வரி தயார் செய்தேன். நான் திருந்தும் ஜென்மமா? ‘அண்ணாமலையாரைச் சுத்தறதுக்கு பதிலா நான் ஏரியைச் சுத்த விட்டுட்டேங்க’ என்று ஆரம்பித்தால் கூட்டம் சிரிக்கும், இறுக்கம் குறையும், அந்த மூன்று வரியும் சிரிப்போடு சிரிப்பாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

டீக்கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். அந்த அம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம், துரு ஏறிய கம்பிகளுக்குக் கீழே நின்றார். டீ மாஸ்டர், “வாங்க சார், ஏரி சாரு!” என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அண்ணாமலையாரச் சுத்தறதுக்கு…” என்று ஆரம்பித்தேன்.

“ஜோக்கு வேணாம் சார்.” எதிர்ப்பக்கத்திலிருந்து, கத்தாமல் சொன்னார். “பேப்பர மட்டும் படிங்க.”

படித்தேன். மூன்று வரிக்கு நடுவில் இரண்டு முறை குரல் உடைந்தது. வயசுக்கு வந்த பிறகு எனக்கு அப்படி ஆனதில்லை. டீ மாஸ்டர் பால் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப இவங்க வீடு ஏரியில இல்லயா?” என்றார் டீ மாஸ்டர்.

“இல்லைங்க.”

“எப்பவுமே?”

“எப்பவுமே.”

“அது எங்களுக்குத் தெரியாதா? கரை இங்கருந்தே தெரியுது,” என்றார் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர். “கவருமெண்டு மேப்பு, படிச்ச மனுஷன் வந்து சொல்றாருனுதான் நாங்களும் சிரிச்சோம்.”

“போட் ஹவுஸுனு பேரு வச்சதே இவருதான்பா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரி காகிதத்தை வாங்கி, முன்பக்கம், பின்பக்கம் பார்த்தார். “சீல் இல்லயே?” என்றார். நான் பையிலிருந்து கம்பெனி சீலை எடுத்து அவர் முன்னாலேயே குத்தினேன். கொஞ்சம் கோணலாக விழுந்தது. அவர் ரோட்டைக் கடந்து போய் ஒரு கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

“மேல் துருதான். பிரஷ் போட்டு தேச்சிக்கலாம். வெள்ளிக்கிழமை கான்கிரீட் வச்சிக்கலாம்,” என்றார் அந்த அம்மாவிடம்.

“சரி விடும்மா, சாரே வந்து ஒத்துகினாரு. மனுஷன்னா தப்பு வர்ரதுதான்,” என்றார் டீ மாஸ்டர்.

“நீங்க எதுக்கு விடச் சொல்றீங்க? உங்களையா சொன்னாரு?” என்றார் அந்த அம்மா. டீ மாஸ்டர் கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

நான் ரோட்டைத் தாண்டிப் போய், “மன்னிச்சிடுங்கம்மா” என்றேன். அவர் காகிதத்தை மேஸ்திரியிடமிருந்து வாங்கி, சீலின் மை காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை ஆளுங்களுக்குச் சாப்பாடு போடறோம்,” என்றார். அழைக்கிறார் என்று நினைத்து நான் தலையாட்ட ஆரம்பித்தேன். “நீங்க வர வேணாம் சார்.”

வெள்ளிக்கிழமை காலை ஆபீசில் இருந்தேன். லேசாக மேகம் போட்டிருந்தது. கான்கிரீட் முடியும்வரை மழை வரக் கூடாதே என்று ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தேன். நான் போகவில்லை.